அச்சுப் பதித்த தரை



கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் செல்லும் சாலையில் இருக்கிறது காப்பார். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த வட்டாரம் அது. இன்று அத்தோட்ட நிலங்கள் பலவற்றில் வீடமைப்புத் தாமான்கள் எழுந்துள்ளன. அத்தகைய தாமான்களில் சில வீடுகளின் முன்றிலைப் பார்த்தால், கருங்கற்களை அடுக்கிப் பாவியிருப்பதுபோல் தோன்றும். குனிந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். அது கல்லன்று, ஒரே வார்ப்பாக ஊற்றிய காங்கிரீட்டு. அது இறுகுமுன் அச்சு வைத்து அழுத்திக் கல்லின் உருவத்தைப் பதித்திருக்கிறார்கள். இந்த அச்சுத் தரையின் வரலாற்றையும் அதற்குப் பின்னால் இருக்கும் கைப்பக்குவத்தையும் இன்று காண்போம்.

இதன் வேர் சுண்ணாம்பில் இருக்கிறது. பண்டைய ரோமானியர் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து காங்கிரீட்டு செய்தனர். ரோம் நகரத்துப் பாந்தியன் ஆலயத்தின் குவிமாடம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. நம் முன்னோரும் சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரையும் வெல்ல நீரையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்தச் சாந்து பதமாகும்வரை காத்திருந்தார்கள். 'பதம்' என்னும் சொல் அடுப்படிக்கும் கொத்தனாருக்கும் பொதுவான சொல் அல்லவா? இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார், சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுப் பொடியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்லண்டு என்னும் இடத்துக் கட்டடக் கல்லை ஒத்திருந்ததால் அதற்குப் போர்ட்லண்டு சிமெண்டு என்று பெயரிட்டார்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலில் வந்தது செங்கல். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கி, மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன கோலாலம்பூரை அழித்தன. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் ஊரைக் கட்டச் செய்தார். அதற்குச் செங்கல் தந்த சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் ஆற்றுப் பக்கத்திலிருந்து கோலாலம்பூருக்கு இரயில் ஓடியது. அந்தப் பாதைகளிலும் சாலைகளிலும் கல் உடைத்து மண் சுமந்தவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர் பலர். 1953இல் கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சிமெண்டு உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கிற்று.

இனி, தரையில் கோலம் வந்த கதைக்கு வருவோம். மலாயாவிலும் பர்மாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் செட்டிநாட்டில் மாளிகைகள் கட்டினார்கள். அங்கே ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றிப் பூவேலை அமைக்கிறார்கள். அதன்மேல் சிமெண்டும் மணலும் நிரப்பி, இறுகியபின் நீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியை எடுத்தால் பளபளப்பான கல் கிடைக்கும். இங்கே கோலம் முதலில், கல் பின்னால். அச்சுத் தரையிலோ தரை முதலில், கோலம் பின்னால். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவர் இம்முறையை வளர்த்தார். தொடக்கத்தில் அச்சுகள் கனமான உலோகத்தால் இருந்தன. 1970களில் ரப்பரைப்போல் வளையும் பாலியூரித்தேன் பாய்கள் வந்தபின், கல்லின் சொரசொரப்பும் வெடிப்பும்கூட அப்படியே பதியலாயின.

சரி, அது எவ்வாறு செய்யப்படுகிறது? முதலில் நிலத்தை இடித்து இறுக்கி, உடைகல் பரப்ப வேண்டும். காப்பார் போன்ற கடலோரப் பகுதிகளில் மண் மென்மையானது. அடித்தளம் அமிழ்ந்தால் மேலே உள்ள அழகு பிளந்து போகும். பின் ஓரப் பலகை அடித்து, கம்பி வலை வைத்து, நான்கு அங்குலக் கனத்துக்குக் காங்கிரீட்டு ஊற்றி மட்டப் பலகையால் சமன் செய்வர். சற்று நேரத்தில் கலவையின் நீர் மேலே கசியும். அது மறையும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நீரோடு தேய்த்துவிட்டால் மேற்பரப்பு பலமிழந்து, பின்னாளில் பொடியாக உதிரும். நீர் மறைந்ததும் நிறப்பொடியை இருமுறை தூவித் தேய்ப்பர். அச்சு ஒட்டாமலிருக்க வேறொரு பொடியும் தூவுவர்.

இப்போதுதான் அந்தப் பதம் வருகிறது. விரலால் அழுத்தினால் கால் அங்குலத்துக்குக் குறையாத பள்ளம் விழ வேண்டும். ஆனால் சாந்து விரலில் ஒட்டக்கூடாது. முந்தினால் அச்சு புதையும், பிந்தினால் பதியாது. சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. நம் வெயிலில் அவ்வினை விரையும். ஆகவே, விடியற்காலையில் ஊற்றுவது நல்லது. மாலை இடிமழைக்கும் அதுவே தப்பும் வழி. நேரம் தவறும்போது கலவையில் கூடுதலாக நீரை ஊற்றிச் சமாளிக்கத் தோன்றும். அதுவே பெருந்தவறு. அன்று பார்க்க நன்றாக இருக்கும். பின்னாளில் வெடித்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

அச்சு பதித்தபின், ஒரு நாளுக்குள் எட்டுப் பத்தடிக்கு ஒன்றாக, தரைக் கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடு போட வேண்டும். அப்போது, சுருங்கும் தரை அக்கோட்டிலேயே பிளந்து, கோலத்தைக் காப்பாற்றும். குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். ஒரு மாதம் சென்றபின் பூச்சு அடிக்கலாம்.

இங்கே ஒரு செய்தி வியப்புத் தரும். காப்பார்க் கடலோரத்தில் 1980களில் எழுந்த சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின் நிலையத்தில் நிலக்கரியும் எரிக்கப்பட்டது. அதன் புகையில் பிடிக்கப்பட்ட நுண்சாம்பல், சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பயன்படுவதைப் பற்றி நம் நாட்டு ஆய்வாளர்கள் சோதனைகள் செய்துள்ளனர். ரோமானியர் எரிமலையில் எடுத்ததை, நாம் மின் நிலையப் புகைபோக்கியில் எடுக்கிறோம்! அத்தகைய சாம்பல் கலந்தால் இறுகும் நேரம் நீளும். பதம் பார்க்கும் கணக்கும் மாறும்.

ஈரச் சிமெண்டு கடுங்காரமானது, தோலைப் புண்ணாக்கும். கையுறையும் நீண்ட காலணியும் இன்றி அந்தப் பணியாளரை நிற்க விடுவது நியாயமன்று. முன்பு தமிழர் நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கிறார்கள். பொருள் மாறிற்று, அச்சு மாறிற்று, ஆள் மாறினார். பதம் அறியும் கை மட்டும் மாறவில்லை. ஆதலால் வீட்டு முன்றிலில் அச்சுத் தரை போட எண்ணும் நேயர்கள், கோலத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அந்தக் கையைத் தேடுங்கள். அதற்குரிய கூலியையும் நேரத்தையும் கொடுங்கள். தரை நிலைப்பது அதனால்தான்.