பருத்தி அத்தாங்கும் நைலான் அத்தாங்கும்

மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்காலில் கெண்டை ஏறினால் அத்தாங்கைத் தேடுவோம். முன்பெல்லாம் அதைப் பருத்தி நூலிலே பின்னினார்கள். ஈரத்திலே கிடந்தால் கிருமிகள் பருத்தியைத் தின்றுவிடும், வலை இற்றுப்போகும். அதற்காகவே மரப்பட்டையைக் காய்ச்சி, அந்தச் சாயத்திலே தோய்த்தார்கள். பிடித்து முடித்ததும் நன்றாக வெயிலில் காயவைத்தார்கள்.

1935-ல் அமெரிக்காவில் நைலான் பிறந்தது. நம் நாட்டில், 1957-ல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் செயற்கை நூல் வலைகளைப் பரப்ப உதவியது. நைலான் அழுகாது. ஆனால் அதற்குப் பகை வெயில். பழைய வழக்கப்படி வெயிலிலே போட்டால் நாளடைவில் நூல் வலுவிழந்து அறுந்துபோகும்.

ஆகவே, வாங்கும்போது முடிச்சு நகராமல் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். மீன் பிடித்ததும் சேறு போக அலசி, நிழலிலே தொங்கவிடுங்கள்.