மரபுவழி இதயத்தசைத் தடிப்பு நோய்

இதயத்தின் தசைச்சுவர், உயர் இரத்த அழுத்தமோ வால்வுக் கோளாறோ இல்லாமலே தடித்துப்போகும் நோய். பெரும்பாலும் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புச்சுவரே பருக்கும். மருத்துவர்கள் ஹைபர்டிராபிக் கார்டியோமயோபதி என்பார்கள். பெற்றோரில் ஒருவருக்குப் பழுதுற்ற மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு; ஆண், பெண் வேறுபாடு இல்லை. 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலே காலத்தைக் கழிக்கிறார்கள்.

லண்டனைச் சேர்ந்த டொனால்ட் டியர் என்ற நோய்க்கூற்று வல்லுநர், 1958இல் எட்டு இளையோரின் இதயங்களை விவரித்து எழுதினார். பெரும்பாலும் திடீரென இறந்துபோனவர்கள் அவர்கள். நோய் இப்படி உடற்கூறாய்வு மேசையில்தான் முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் தொடர்ந்த ஒரு பெருங்குடும்பம் 1961இல் பதிவாயிற்று. அக்குடும்பத்தின் மரபணுப் பிழையை அமெரிக்க ஆய்வாளர்கள் 1990இல் கண்டுபிடித்தார்கள். தசைநார்களை இழுத்துச் சுருக்கும் புரதங்களைச் செய்யும் மரபணுக்கள் பல இதில் பழுதாகலாம் என்பது அதன்பின் தெரியவந்தது.

இந்தியாவில் காணப்படும் பிழை

தமிழ் வாசகர் இந்நோயைப் பற்றி முக்கியமாக அறியவேண்டியது 2003இல் தொடங்குகிறது. இரண்டு இந்தியக் குடும்பங்களில், மயோசின் பிணைப்புப் புரதம் சி என்பதற்கான மரபணுவில் (11ஆம் குரோமோசோமில் உள்ளது) 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பது கண்டறியப்பட்டது. அப்போது அது அரிய குடும்பப் பிழையாகவே எண்ணப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. 107 சமூகங்களைச் சேர்ந்த 6,273 பேரிடம் தேடியதில், இப்பிழை துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இருப்பது தெரிந்தது. ஏறத்தாழ 6 கோடிப் பேர். அது உள்ளவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்றும் அவ்வாய்வு கணித்தது.

விடுபடும் 25 எழுத்துகளும் புரதத்தைச் செய்யும் பகுதியில் இல்லை. மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தை உயிரணுவுக்குக் காட்டித்தரும் பகுதியில் உள்ளன. அது போனதும் புரதத்தின் கடைக்கோடி மாறிவிடுகிறது. தசைநாரோடு பற்றிக்கொள்வதே அந்தக் கடைக்கோடிதான்.

தீங்கு செய்யும் ஒரு பிழை இத்தனை கோடிப் பேரிடம் எப்படி நிலைத்தது? இதன் வயது ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. தொல்லை பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னரே தலைகாட்டும். அதற்குள் கல்யாணம் முடிந்து, பிள்ளைகள் பிறந்து, பிழையும் கைமாறியிருக்கும். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டும் சிறுவயதிலேயே கடுமையாகத் தாக்கக்கூடும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகாத நம் ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக, பிழை உள்ளவர் எல்லாரும் நோயாளி என்று கொள்ளக்கூடாது. பெரும்பாலோர் சாதாரணமாகவே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆய்வாளர் சக்திவேல் சடையப்பன் குழுவினர் 2018இல், இப்பிழையோடு வேறொரு மாற்றமும் சேர்ந்திருப்பவர்களிடம்தான் இதயம் மிகையாகச் சுருங்குவதைக் கண்டார்கள். 2020இல் வந்த மறுஆய்வு ஒன்று, பழியின் பெரும்பங்கை அதே மரபணுவில் ஒட்டிவரும் இன்னொரு பிழையின்மேல் போட்டது. 2009இன் ஏழு மடங்குக் கணக்கை இன்று அப்படியே எடுத்துச் சொல்வது சரியாகாது.

கண்டறியப்படாமல் போவது ஏன்

மூச்சு வாங்குதல், நெஞ்சு அடைத்தல், படபடப்பு, வேலையின் நடுவே கண் இருட்டி மயங்குதல் ஆகியவை அறிகுறிகள். இவை ஆஸ்துமா, வாயு, பதற்றம், வலிப்பு என்ற பெயர்களில் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெறும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அங்குள்ளது. ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. அந்த உரிமை பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் தலைக்கட்டுகளில் வழிவழியாக வருவது. கோல் ஊன்றிப் படகு தள்ளுவதும், இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்பதும், வெயிலில் நெடுநேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இந்த இதயத்துக்கு மிகவும் ஆகாதவை. உடலில் நீர் குறைந்தால் கீழறை சுருங்கும். தடித்த சுவர், இரத்தம் வெளியேறும் வாசலை இன்னும் அடைக்கும். ஆனால் இழுப்பு வேலையில் மூச்சு வாங்காதவர் யார்? ஐம்பது வயதில் ஒருவர் இளைத்தால் வயசாயிற்று என்பார்கள். அப்பாவுக்கும் இப்படித்தான் இளைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். நோய்க்கான தலையாய தடயம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தும் கேட்பார் இல்லாமல் போகும். தண்ணீரில் மயங்கி விழுந்தவர் மூழ்கி இறந்தவராகவே கணக்கில் சேர்வார்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. பெரிய காரியம்தான். ஆனால் இந்நோயாளிக்கு இரண்டுமே சரியாக இருக்கலாம். ஐம்பது வயதுக்குள் திடீரென இறந்தவர் உங்கள் குடும்பத்தில் உண்டா என்ற கேள்விக்குச் செலவே கிடையாது. அதைக் கேட்டால் கிடைக்கக்கூடிய தகவல் எந்தக் கருவியிலும் வராது.

கண்டறிதலும் வாழ்தலும்

ஈசிஜி பெரும்பாலோருக்கு மாறுபட்டிருக்கும். மாரடைப்பு என்று மயங்கவும் இடமுண்டு. உறுதிசெய்வது எக்கோ. பழவேற்காட்டுக்காரர்கள் அதற்காக வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனை வரை வரலாம். சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நோய். குடும்பத்தில் ஏற்கெனவே நோயாளி இருந்தால் 13 போதும். நெஞ்சுவலி என்றதும் நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைக்கும் பழக்கம் இவர்களிடம் ஆபத்தாகலாம். இரத்தக்குழாய்களை விரிக்கும் அம்மருந்து அடைப்பைக் கூட்டி மயக்கத்தில் தள்ளும்.

பீட்டா தடுப்பு மாத்திரைகளே முதல் சிகிச்சை. அடைப்பு மிகுந்தால் சுவரின் ஒரு பகுதியை அறுத்தெடுப்பார்கள், அல்லது 1994இல் முதன்முதலில் செய்யப்பட்ட முறையில் ஆல்கஹால் செலுத்தி அப்பகுதித் தசையை அழிப்பார்கள். மிகைச் சுருக்கத்தைத் தணிக்கும் மாவகாம்டென் மாத்திரைக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. திடீர்ச்சாவு அபாயம் உள்ளவர்களுக்கு, தாளம் தப்பும்போது மின்னதிர்வு கொடுக்கும் ஐசிடி கருவியைத் தோலுக்கடியில் பொருத்துவார்கள். அதைப் பொருத்திக்கொண்டவர் ஓடும் படகு எஞ்சின்மேல் நெஞ்சு படக் குனியக்கூடாது. தனியாகக் கடலுக்குப் போகவும் கூடாது. கடலை விட்டு வேறு தொழில் தெரியாதவருக்கு மாத்திரையைவிட இந்த அறிவுரைதான் விழுங்கக் கடினம். கூட ஒருவர் போவதும், கனத்த இழுப்பைப் பிறரிடம் விடுவதும், தண்ணீர்க் குடத்தை மறக்காமல் எடுத்துப்போவதும் நடைமுறையில் சாத்தியமானவை.

ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரும் எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை சரியாக இருந்துவிட்டால் போதாது. வளரும் பருவத்தில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்ப்பது வழக்கம். குடும்பத்தின் பிழை இன்னதென்று தெளிவாகத் தெரிந்து, அது இரத்தப் பரிசோதனையில் ஒரு பிள்ளைக்கு இல்லையென்று வந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு இந்தத் தொடர்பரிசோதனை தேவையில்லை.