மலையேறாத தூண்கள்

கொடைக்கானலின் பழைய பங்களாக்களைச் சுற்றிப் பாருங்கள். கல் இருக்கும், மரம் இருக்கும். சென்னையிலும் பம்பாயிலும் உள்ளதுபோல வார்ப்பிரும்புத் தூண்கள் எளிதில் கண்ணில் படாது. காரணம் பாதை. அமெரிக்க மதுரை மிஷன் 1845இல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியது. லாஸ் காட் ரோடு திறந்ததோ 1916 வாக்கில். அதுவரை சாமான் பெரும்பாலும் பெரியகுளம் பக்கமிருந்து தலைச்சுமையாகத்தான் ஏறியது. பத்தடி உயர, உள்ளே கூடான தூண் ஒன்று சுமார் 175 கிலோ வரும். யார் சுமப்பது? கணப்படுப்பின் விறகுத் தட்டு என்றால் கொண்டுவந்துவிடலாம்.

வார்ப்பிரும்பில் கரிச்சத்து அதிகம். மேலிருந்து அழுத்தினால் அபாரமாகத் தாங்கும். இழுத்தாலோ அடித்தாலோ வளையாமல் சட்டென்று உடையும். இங்கிலாந்தின் செவர்ன் நதிமேல் 1779இல் வளைவாகக் கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. டீ நதியில் உத்தரமாகப் போட்டது 1847இல் ரயிலோடு விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

நம் கட்டடத்தின் பின்புறக் கழிவுநீர்க் குழாயும் இதே இரும்புதான். அடைப்பெடுக்க வருபவர் சுத்தியலால் தட்டினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மேல்துருவைப் பார்த்துவிட்டுக் குழாயையே மாற்ற வேண்டும் என்பார்கள். முதலில் இணைப்புகளில் கசிவு உண்டா என்று கேளுங்கள்.