புதுச்சேரி அவுரி நீலம்

அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுக்கும் நீலச் சாயமும், அதில் தோய்த்த பருத்தித் துணியும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரிக்குக் கடல் கடந்து பெயர் வாங்கித் தந்தன. இந்த நீலத்தின் கதையில் பாதி வணிகம், மீதி வேதியியல். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேராமல் நீலம் பிறப்பதில்லை. ஆக்சிஜன் செய்த மாற்றத்தைத் திருப்பாமல் அது நூலில் ஏறுவதும் இல்லை. ஆக்சிஜன் என்ற பெயரே தோன்றாத காலத்தில், புதுச்சேரிச் சாயக்காரர்கள் இந்த இரண்டு வேலையையும் பிசகாமல் செய்துவந்தார்கள்.

அவுரி இலையைக் கசக்கினால் நீலம் வராது. அதில் இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். இலையைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்து, இண்டாக்சில் என்ற பொருளைத் தண்ணீரில் விடுகின்றன. தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகிறது. பிறகு இலையை அகற்றிவிட்டு, ஆட்கள் தொட்டிக்குள் இறங்கிக் காலாலோ துடுப்பாலோ தண்ணீரை அடிக்கிறார்கள். நுரை பொங்குகிறது, முதலில் பச்சை, அடிக்க அடிக்க நீலம். அடிப்பதை நிறுத்தி விட்டுவைத்தால் நீலம் வண்டலாக அடியில் தங்கும். அதை வடிகட்டிக் காய்ச்சி, அழுத்தி, வில்லையாக வெட்டி உலர்த்துவார்கள்.

ஏன் இப்படி அடிக்க வேண்டும்? இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகளோடு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு சேர்ந்தால், ஒரு நீல மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் கிடைக்கின்றன. எடையில் சொன்னால் 262 கிராம் நீலத்துக்கு 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். வாயுக்களின் விதிப்படி, 30 டிகிரி வெயிலில் அது ஏறக்குறைய 25 லிட்டர் இடத்தை அடைக்கும். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே 120 லிட்டர் காற்று தேவை. தண்ணீரிலேயே கரைந்திருக்கும் ஆக்சிஜன் போதாதா என்றால், போதாது. அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏழு, எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்காது. 32 கிராமைத் தேட நாலாயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டியிருக்கும். வெப்பம் ஏற ஏற வாயுக்கள் தண்ணீரை விட்டு வெளியேறும் என்பதால், நம் ஊர் வெயில் இந்தக் கணக்கை இன்னும் கடினமாக்குகிறது. அடிக்கும்போது காற்று சிறு குமிழிகளாக உடைந்து உள்ளே போகிறது. தண்ணீரும் காற்றும் தொட்டுக்கொள்ளும் பரப்பு பெருகுகிறது. தொட்டியில் இறங்கி உழைக்கும் காலுக்கு இதுதான் வேலை.

வில்லையான நீலம் தண்ணீரில் கரையாது. அதைத் துணியில் ஏற்ற, தென்னாட்டுச் சாயக்காரர்கள் அதனோடு சுண்ணாம்பும் உவர்மண்ணும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் புளிக்கவிட்டார்கள். தகரை விதை நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவை கரைசலிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்து, நீலத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கின்றன. நீலம் நிறம் இழந்து, சுண்ணாம்பின் காரத்தில் கரையும் மஞ்சள்பச்சை வடிவத்துக்கு மாறுகிறது. புளிக்கும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடு சுண்ணாம்போடு வினைபுரிந்து சுண்ணக்கட்டியாய் அடியில் படிவதால், காரம் குறைந்துகொண்டே போகும். அவ்வப்போது சுண்ணாம்பு போட்டாக வேண்டும். கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டு எடுப்பதும் இதே சுண்ணாம்புதான். சூளையில் கிளிஞ்சலை விட்டு வெளியேறுவதும் கார்பன் டைஆக்சைடுதான்; தாழியில் அது மீண்டும் சேர்ந்து, சுண்ணாம்பை மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே ஆக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், மீள்வினையைப் பள்ளியில் சொல்லித்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு புதுச்சேரியில் இல்லை.

1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கொடியை ஊன்றியபோது, கும்பினியாருக்கு வேண்டியிருந்தது துணி. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் துணிப் பேரமும் கப்பல் சரக்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. துணியோடு, அதைத் தோய்க்கும் வித்தையும் வேண்டும் என்று பாரிசில் நினைத்தவர் வேதியியலாளர் துஃபே. அவருக்காக 1734 வாக்கில் கப்பற்படை அதிகாரி பொலியே புதுச்சேரியில் துணியில் சாயம் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறித்தார். ஒவ்வொரு படியிலும் துணியில் ஒரு துண்டு வெட்டி ஏட்டோடு வைத்தார். அந்த ஏடும் துண்டுகளும் பாரிசில் பிழைத்திருக்கின்றன. 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்து, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களைக் கேட்டு நீண்ட கடிதம் எழுதினார். கைத்தொழில் முழுவதும் தமிழருடையது. உலகம் நினைவில் வைத்திருப்பதோ பொலியேயையும் கேர்துவையும். இது எனக்குத் தீராத வருத்தம்.

பாரிசில் அந்தத் தேடல் தொடர்ந்தது. துஃபேக்குப் பின் சாயத்தொழிலின் பொறுப்பேற்ற எல்லோ, சாயத்துகள் நூலின் நுண்துளைகளில் புகுந்து அடைபடுவதாக விளக்கினார். 1770களில் ஆக்சிஜன் கண்டறியப்பட்ட பிறகுதான் விளக்கம் தெளிந்தது. 1784 முதல் அந்தப் பொறுப்பை வகித்த பெர்தொல்லே, 1791இல் வெளியிட்ட சாய நூலில் புதிய வேதியியலைத் தொழிலோடு பொருத்தினார். வாயுக்கள் எளிய கன அளவு விகிதத்தில் சேர்கின்றன என்று 1808இல் அறிவித்த கே லூசாக், அவரிடம் வளர்ந்தவர்.

புதுச்சேரியின் நீலத்துணிக்கு ‘கினே’ என்று பெயர். செனகல் ஆற்றங்கரையில் அது பணமாகவே புழங்கியது. மூர் வணிகர்கள் அதை வாங்கிக்கொண்டு கருவேல வகை மரங்களின் பிசினைக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவில் துணி அச்சிடப் பயன்பட்டது. மேனியில் நீலம் ஒட்டுவது அங்கே குறையாகக் கருதப்படவில்லை, துணியின் பெருமை. புதுச்சேரியில் துணி ஆலைகளும் எழுந்தன: 1820களின் இறுதியில் சவானா மில்லும், அந்த நூற்றாண்டின் கடைசியில் கெப்ளே, ரோடியர் மில்களும் வந்தன.

1883இல் அடால்ஃப் ஃபான் பேயர் நீலத்தின் மூலக்கூறு அமைப்பை வகுத்தார். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், இலை நீலம் எங்கும் விலை இழந்தது. ரோடியர் மில் பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆகி, 2020இல் மூடப்பட்டது.

செடி அழியவில்லை. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. ஆரோவில்லில் இயற்கைச் சாயத் தாழிகள் புளிக்கின்றன. அங்கே தாழியின் மேல் செம்பு மினுக்கோடு ஆடை படர்ந்திருக்கும். அதை விலக்கித் துணியை மெல்ல முக்குவார்கள். சலம்பினால் காற்று உள்ளே போய்விடும். எடுக்கும்போது துணி மஞ்சள்பச்சை. பிழிந்து உதறிக் கொடியில் போட்டதும் மடிப்பின் விளிம்பில் முதலில் நீலம் தெரிகிறது. சில நிமிடத்தில் துணி முழுவதும் பரவுகிறது. காற்று படாத மடிப்புக்குள் மட்டும் பச்சை இன்னும் கொஞ்சம் நிற்கிறது. கருநீலம் வேண்டுமானால் அதையே மறுபடி தாழியில் விடுகிறார்கள்.