விருப்பப் பாடம்: யாருடைய விருப்பம்?

ஒன்பதாம் வகுப்பு முடியும் தறுவாயில் நம் பாடசாலைகளில் மாணவர் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் ஆறும் எல்லோர்க்கும் பொது. எஞ்சிய மூன்று பாடங்களை மூன்று தொகுதிகளிலிருந்து மாணவரே தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்த தாள் திங்கட்கிழமை பெற்றோரின் கையொப்பத்துடன் திரும்பிவரும். மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் இத்தாள்களைத் திரட்டி அடுக்கும் வேலை பல ஆண்டுகளாக நம்மைச் சேர்ந்தது. சங்கீத ஆசிரியர் இல்லாத ஆண்டில் ஒரு பிள்ளையும் சங்கீதத்தை விரும்பவில்லை. விவசாய ஆசிரியர் வந்த ஆண்டில் வகுப்பு முழுவதும் விவசாயத்தை விரும்பியது! இந்த அதிசயத்துக்கு விடை தேடியே நாம் நம் நாட்டின் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்க்கத் தலைப்பட்டோம்.

எந்தப் பாடத்தைக் கற்பது என்ற கேள்வியில் கற்பிப்பவனும் கற்பவனும் முரண்பட்ட கதை பழையது. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. மிஷனரிமார் எதிர்பார்த்தது சுதேசப் போதகர்களை. மாணவர் எதிர்பார்த்தது அரசாங்க உத்தியோகத்தை. ஆங்கிலமும் கணக்கும் கைவந்த இளைஞன் வேதப்பிரசங்கத்தை விட்டுக் கச்சேரியை நாடினான். 1855 இல் செமினரி மூடப்பட்டதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்கள் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், மாணவன் தன் வயிற்றுப்பாட்டைக் கணக்கிட்டே பாடத்தைத் தெரிந்தான் என்ற உண்மையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் வேறொரு வழியைக் காட்டினார். 1864 முதல் அவர் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். இரசாயன நூலொன்று "கெமிஸ்தம்" என்ற பெயரில் 1875 இல் தமிழில் வெளிவந்தது. விஞ்ஞானம் தமிழில் வராது என்று பின்னாளில் வாதித்தவர்கள் இந்நூலைக் கையாலும் தொட்டதில்லைப் போலும். ஆனால் 1870 இல் கொழும்பில் அரசாங்கம் நிறுவிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. உத்தியோகம் எங்கே இருந்ததோ அங்கேயே பாடமும் போயிற்று.

1880 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கையில் நடைபெற்றன. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிய பின்னரும், 1942 வரை, அங்கே பயின்றவர் பெற்றது இலண்டன் பட்டமே. இங்குள்ள நேரசூசியை வகுத்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். இலத்தீன் கற்கக் கொடுத்துவைத்தவன் கட்டணம் கட்டக்கூடிய ஆங்கிலப் பாடசாலை மாணவன். கட்டணம் இல்லாத சுதேச பாஷைப் பாடசாலைப் பிள்ளைக்கு விருப்பப் பாடம் என்ற சொல்லே எட்டவில்லை.

அந்தப் பிள்ளைக்காகக் கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 1930களில், சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், கண்டிப் பகுதியிலுள்ள ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் உருவாயிற்று. பயிர்ச்செய்கை, கைத்தொழில், சுகாதாரம், ஊர் வாழ்க்கை ஆகியவற்றை மையமாக வைத்துப் பாடங்களை அமைப்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஏட்டுச் சுரைக்காயை மட்டும் பரிமாறிய கல்வியிலும் பார்க்க அது உயர்ந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் திட்டம் வேரூன்றவில்லை. மண்ணைக் கொத்தப் பழக்குவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று நினைத்த பெற்றோரைப் பிற்போக்குவாதிகள் என்று பலர் பழித்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கொழும்பிலும் கண்டியிலும் துரைமாரின் பிள்ளைகள் இலத்தீனும் கணிதமும் கற்றுக்கொண்டிருக்கையில் தன் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டி நீட்டப்படுவதைக் கண்ட விவசாயி, நாட்டில் எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்பதை நன்கு அறிந்திருந்தான். அவன் வெறுத்தது உழைப்பை அன்று. தன் பிள்ளைக்கென்று தனியே ஒதுக்கப்பட்ட தாழ்ந்த படியை.

1943 இல் வெளியான கல்விக் குழு அறிக்கையில் இரண்டு குரல்களைக் கேட்கிறோம். ஒரு குரல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும் என்றது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. மற்றக் குரலோ, ஆரம்பக் கல்வி முடிந்ததும் பிள்ளைகளைத் தரம் பிரித்து மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும், அவற்றுள் ஒரு வகை செய்முறைப் பாடசாலையாக இருக்கவேண்டும் என்றது. பதினொரு வயதுப் பாலகன் ஏட்டுக்குப் பிறந்தவனா, உளிக்குப் பிறந்தவனா என்று ஒரு பரீட்சை தீர்ப்பளிக்குமாம்! முதற் குரலை மக்கள் இரு கரம் நீட்டி வரவேற்றனர். இரண்டாவது குரல் முழுமையாகச் செயற்படவே இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகள் ஊர்ப்புறங்களில் எழுந்தபோது, பெற்றோர் அவற்றிடம் கேட்டது நகரத்துப் பிள்ளை கற்ற அதே பாடங்களைத்தான்.

அதே பாடங்கள் கிடைத்தனவா? பாதிதான் கிடைத்தன. 1960 இல் கலைப் பிரிவு மாணவர் தாய்மொழியிலே கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தனர். ஊர்ப்புறத்து இளைஞர் ஆயிரக்கணக்கில் உயர்கல்வியை எட்டிப்பிடித்த பெருமிதமான காலம் அது. ஆனால் ஊர்ப்புறப் பாடசாலைகளிலே வளர்ந்தது கலைப் பிரிவு மட்டுமே. ஆய்வுகூடத்துக்குக் கட்டிடம் வேண்டும், குழாய்நீர் வேண்டும், இரசாயனப் பொருள் வேண்டும், விஞ்ஞானப் பட்டதாரி வேண்டும். வரலாறு கற்பிக்கக் கரும்பலகையும் வெண்கட்டியும் போதும் என்று அதிகாரிகள் எண்ணினர். (அது வரலாற்றுக்குச் செய்த அவமதிப்பு என்பது வேறு விஷயம்.) ஆகவே ஊர்ப்புற மாணவன் கலைப் பாடங்களை விரும்பினான் என்று புள்ளிவிபரம் எழுதிக்கொண்டது. பட்டம் பெற்றும், சான்றிதழ் பெற்றும் வேலையின்றி வீதியில் நின்ற இளைஞர்களின் கோபம் 1971 ஏப்பிரிலில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையைச் சுட்டிக் காட்டியது.

இதன் பின் வந்த 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை நம் ஆசிரிய நண்பர்கள் பலர் "தொழில்முன்னிலைப் பாடம்" என்ற ஒரு சொல்லால் நினைவுகூர்ந்து சிரிப்பார்கள். மட்பாண்டம், மீன்பிடி, தென்னை, நெசவு என ஊரிலுள்ள தொழிலை மாணவர் ஆராய்ந்து கற்கவேண்டும் என்றது அது. கருவியும் இல்லை, பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதவில்லை. பல பாடசாலைகளில் குயவனின் சக்கரம் கொப்பியில் வரைந்த படமாகவே சுழன்றது. சிரிப்பு நியாயமானதே. ஆனால் அச்சீர்திருத்தத்தின் மற்றப் பகுதியை நாம் மறத்தல் தகாது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும், பட்டினமோ பட்டிக்காடோ, ஒரே பாடத்திட்டம். கணிதமும் விஞ்ஞானமும் எல்லோர்க்கும் கட்டாயம். இளவயதில் விருப்பம் என்ற பெயரால் பிள்ளைகளைப் பிரிப்பதை அது நிறுத்தியது. 1977 இல் ஆட்சி மாறிற்று. பழைய பரீட்சை திரும்பிவந்தது. ஆயினும் கணிதமும் விஞ்ஞானமும் சாதாரண தரம் வரை எல்லோர்க்கும் பொதுவாக நிலைத்துவிட்டன. மலைநாட்டுத் தோட்டப் பிள்ளையும் இன்று விஞ்ஞானத் தாளொன்றுக்கு விடை எழுதுகிறாள் என்றால், அதில் நாம் சிரித்த சீர்திருத்தத்துக்கும் பங்குண்டு.

அதே அரசாங்கம், இடதுசாரிக் கட்சிகளும் பங்குபற்றிய அந்த அரசாங்கம், தரப்படுத்தலையும் கொண்டுவந்தது. 1971 அனுமதியில் வைத்திய பீடம் புகத் தமிழ் மாணவனுக்கு 400 இல் 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்கள மாணவனுக்கு 229 போதுமாயிருந்தது. மொழியைக் கொண்டு புள்ளியை அளந்த இந்த அநியாயத்தை எந்தச் சோஷலிச வார்த்தையாலும் பூசி மெழுக முடியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் குவிந்ததற்குக் காரணம் பிறவி மூளையன்று. மிஷன் பாடசாலைகளும் அவற்றோடு போட்டியிட்டெழுந்த இந்துக் கல்லூரிகளும் விட்டுச்சென்ற ஆய்வுகூடங்களும், உத்தியோகத்தையன்றி வேறு கதி காட்டாத வறண்ட நிலமுமே காரணம். அந்த ஒரு வாசலிற் சுவர் எழுந்தபோது ஒரு தலைமுறையின் கணக்கே பிழைத்தது. 1974 இல் வந்த மாவட்டப் பங்கீட்டினால் மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய இடங்களின் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் முதன்முறையாகப் பல்கலைக்கழகம் கண்டனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து எழுத்துக்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

நிற்க. இன்று தாளை நிரப்பும் மாணவனுக்கு நாம் சொல்லக்கூடியது என்ன? சாதாரண தரத்தில் அவன் தெரியும் மூன்று பாடங்கள் அவனது எதிர்காலத்தைப் பெரும்பாலும் அடைப்பதில்லை. அவனுக்கு விருப்பமான சித்திரத்தையோ இலக்கியத்தையோ அச்சமின்றி எடுக்கலாம். அடைப்பது கணிதத்தில் தவறுவதே. ஆகவே அச்சத்தைக் கணிதத்துக்கென்று வைத்துக்கொள்ளட்டும். உண்மையான கிளைவழி உயர்தரத்திலேயே இருக்கிறது. உயிரியற் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுத்தவன் வைத்திய பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இதை இரண்டாம் ஆண்டில் அறிந்து அழுத மாணவரை நாம் கண்டிருக்கிறோம். 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவையும், பழைய செய்முறைப் பாடசாலையின் மறுபிறப்பென்று ஒதுக்காமல், அது எந்தப் பட்டத்துக்கு இட்டுச்செல்லும், தன் பாடசாலையில் அதற்குப் பயிற்சிக்கூடம் உண்டா என்று விசாரித்தபின் தீர்மானிக்கட்டும்.

ஆனால் இந்த ஆலோசனை எல்லாம் உயர்தர விஞ்ஞானம் உள்ள பாடசாலைப் பிள்ளைக்கே பொருந்தும். நாட்டின் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளில், விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவுகளையும் கொண்ட 1 ஏபி வகையானவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. 1 சி வகையில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை.

நம் பாடசாலை 1 சி வகையைச் சேர்ந்தது. ஒருமுறை தாளைக் கொண்டுவந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், மகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே முதலாவது அவள்.

"சேர், இந்த மூணு பாடம் எதுன்னாலும் நீங்களே போட்டுருங்க. புள்ள டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது. அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு டவுனுக்குத்தானே போவணும்? தெனமும் பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?"

நாம் தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில், அவர் சொன்ன தினச் சம்பளத்தை ஒரு பக்கமும் பஸ் கட்டணத்தை மறுபக்கமும் எழுதிக் கூட்டத் தொடங்கினோம்.