சிலுவையில் அறையப்பட்ட கடவுள்: யூர்கன் மோல்ட்மானின் துன்ப இறையியல்

'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்பது ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மான் (1926–2024) 1972இல் வெளியிட்ட நூலின் பெயர். கடவுள் மனிதத் துன்பத்தை வெளியே நின்று பார்ப்பவர் அல்லர், அதைத் தம் உள்வாழ்விலேயே ஏற்றவர் என்று அந்நூல் முன்வைத்த கருத்தும் இப்பெயராலேயே சுட்டப்படுகிறது. கத்தோலிக்கர் மீட்பு என்றும் புராட்டஸ்டண்டு சபையார் இரட்சிப்பு என்றும் வழங்கும் விடுதலை, பாவம் செய்தவருக்கு உரிய மன்னிப்பு மட்டுமா, பிறர் செய்த பாவத்தால் நொறுங்கியவருக்கும் அதில் பங்குண்டா என்னும் கேள்வியை இருபதாம் நூற்றாண்டு இறையியலின் நடுவே கொண்டுவந்து வைத்தது இந்நூலே.

மோல்ட்மான் ஹாம்பர்க் நகரில், சமயப் பற்று மிகாத குடும்பத்தில் பிறந்து, கணிதமும் இயற்பியலும் கற்க விரும்பியவர். 1943 ஜூலையில் நேசநாட்டு விமானங்கள் இரவுக்கு இரவு குண்டுவீசி அந்நகரை எரித்தபோது, அவர் பதினேழு வயதில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் கட்டாயப் பணியில் இருந்தார். தோளோடு தோள் நின்ற பள்ளித் தோழன் குண்டில் சிதறிப்போக, அவர் மட்டும் உயிர் தப்பினார். அன்றிரவுதான் முதன்முறையாகக் கடவுளை நோக்கிக் கதறியதாகவும், தான் ஏன் சாகவில்லை என்ற கேள்வி பிறகு தன்னை விட்டு நீங்கவே இல்லை என்றும் அவர் பின்னாளில் எழுதினார். 1945இல் பிரித்தானியப் படையிடம் பிடிபட்டு, பெல்ஜியத்திலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 1948 வரை போர்க்கைதியாக இருந்தபோது, முகாம் குடிலில் பெல்சன், புக்கன்வால்ட் வதைமுகாம்களின் புகைப்படங்கள் ஒட்டப்பட்டன. தோழனை இழந்த துக்கத்தோடு தன் நாடு செய்த கொலைகளின் வெட்கமும் சேர்ந்துகொண்டது. அந்த நிலையில், படைக்குரு ஒருவர் கொடுத்த வேதாகமத்தில் அவரைத் தொட்டவை இரண்டு பகுதிகள். ஒன்று, வாய்திறவாமல் துயரத்தை விழுங்கியவனின் புலம்பலாகிய 39ஆம் சங்கீதம். மற்றொன்று, மாற்கு எழுதிய நற்செய்தியில் இயேசு தம்மை ஏன் கைவிட்டீர் என்று தம் கடவுளிடமே கேட்டுக் கதறும் இடம்.

தமிழ்த் திருச்சபைகளில் பெரிய வெள்ளியன்று நடக்கும் மும்மணி நேர ஆராதனையில் தியானிக்கப்படும் சிலுவை மொழிகள் ஏழில் நான்காவதாக வருவது இந்தக் கதறலே. இதை அவசரமாக ஆறுதலாக்கி முடித்துவிடாமல், கேள்வியைக் கேள்வியாகவே நிற்கவிட்டு அதன்மேல் ஓர் இறையியலை எழுப்பியது மோல்ட்மானின் பெரும்பணி.

அதற்குத் தடையாக நின்றது, கிரேக்க மெய்யியலின் துணையோடு உருவாகி நூற்றாண்டுகளாக ஏற்கப்பட்டிருந்த துன்புறாமைக் கோட்பாடு. கடவுள் எதனாலும் தாக்கப்படாதவர், மாறாதவர், ஆதலால் துன்புறவும் இயலாதவர் என்பது இதன் பொருள். கிறிஸ்துவில் இறையியல்பும் மனித இயல்பும் ஒன்றாய் இணைந்துள்ளன என்று கி.பி. 451இல் கால்சிடோன் சங்கம் அறுதியிட்ட பின்னரும், சிலுவையில் வதைபட்டது மனித இயல்பே என்ற விளக்கம் வலுவாக இருந்தது. இக்கோட்பாட்டை இரக்கமற்றது என்று தள்ளிவிடுவது நியாயமாகாது; புராணத் தேவர்களைப் போலக் கோபதாபங்களால் அலைக்கழிக்கப்படாத கடவுளின் அன்பையே நம்பி நிற்க முடியும் என்பது முன்னோரின் கருத்து. ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய்க்கு, துன்பம் அறியாத கடவுளிடம் பேச என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை.

மோல்ட்மானின் விடை திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், தூய ஆவி என மூவராய் விளங்கும் ஒரே கடவுள் என்னும் நம்பிக்கையை, சிலுவையடியில் நின்று மறுபடி வாசிப்பதாகும். குமாரன் கைவிடப்பட்டுச் சாகிறார். பிதாவோ குமாரனை இழந்து துக்கப்படுகிறார். சாகிறவரின் வேதனை வேறு, பிழைத்திருப்பவரின் வேதனை வேறு என்பதை எந்த இழவு வீடும் அறியும். இந்த வேறுபாட்டைக் காட்டியதனால், பிதாவே சிலுவையில் மாண்டார் எனக் கூறித் தொடக்கத் திருச்சபையால் மறுக்கப்பட்ட போதனையிலிருந்து அவர் விலகி நின்றார். 1518இல் மார்ட்டின் லூத்தர் வகுத்த சிலுவை இறையியலும், தீர்க்கதரிசிகளின் கடவுள் மனிதருக்காக நெஞ்சு பதைப்பவர் எனக் காட்டிய யூத அறிஞர் ஆபிரகாம் ஹெஷலின் ஆய்வும் அவருக்குத் துணைநின்றன. ஜப்பானிய இறையியலாளர் கசோ கித்தமோரி மோல்ட்மானுக்கு முன்பே, 1946இல், கடவுளின் வேதனை பற்றி ஒரு நூலை வெளியிட்டிருந்தார்.

இதனால் மீட்பின் பொருள் விரிந்தது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் ஆன்செல்ம் தந்த விளக்கத்தில் பாவம் கடவுளின் மகிமைக்குப் பட்ட கடன். கிறிஸ்துவின் மரணம் அக்கடனுக்கு ஈடு. அங்கே குற்றவாளிக்கு இடமுண்டு, குற்றத்துக்கு இரையானவரைப் பற்றிப் பேச்சு குறைவு. மோல்ட்மானிடத்திலோ, கைவிடப்பட்டவர் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் அங்கே கடவுள் முன்பே இருக்கிறார் என்பதே மீட்பின் தொடக்கம். ஆயினும் துன்பம் தன்னளவில் மீட்பைத் தருமென்று அவர் சொல்லவில்லை. 1964இல் வெளியான அவரது 'நம்பிக்கையின் இறையியல்' உயிர்த்தெழுதலிலிருந்து தொடங்குகிறது. சிலுவையில் அறையப்பட்டவரே உயிர்த்தவர் என்பதால் இரு நூல்களையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

மறுப்புகளும் கடுமையாக எழுந்தன. மகனைப் பிதாவே சாவுக்குக் கையளிக்கும் சித்திரம் கடவுளைக் கொடியவராக்கிவிடும் என்று இறையியலாளர் டோரத்தே சொல்லே குற்றஞ்சாட்டினார். தானும் அதே குழியில் கிடக்கும் கடவுள் பிறரை எப்படித் தூக்கிவிடுவார் என்பது கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானரின் ஐயம். யூத எழுத்தாளர் எலி வீசல் பதிவுசெய்த, வதைமுகாமில் சிறுவன் தூக்கிலிடப்பட்ட காட்சியைத் தம் வாதத்துக்கு மோல்ட்மான் எடுத்தாண்டதும் கண்டிக்கப்பட்டது. ஒருவர் தம் நம்பிக்கை இறந்த இடமாக எழுதியதை மற்றொரு சமயம் தன் விடையாக்கிக்கொள்ளலாமா என்ற இக்கேள்வியின் நியாயம் இன்றும் குறையவில்லை.

இம்மறுப்புகளுக்கு நடுவே, நூலின் பெயர் ஒரு படுகொலையோடும் பிணைந்தது. 1989 நவம்பர் 16 அன்று எல் சால்வதோர் நாட்டின் தலைநகரில் இராணுவத்தினர் பல்கலைக்கழக வளாகத்துள் புகுந்து இயேசு சபைக் குருக்கள் ஆறு பேரையும், அங்கே பணிசெய்த பெண்ணையும், அவருடைய மகளையும் கொன்றனர். குரு ஒருவரின் உடலை, அச்சமயம் வெளிநாட்டிலிருந்த இறையியலாளர் ஜான் சொப்ரினோவின் அறைக்குள் இழுத்துப்போட்டபோது, அலமாரியிலிருந்து ஒரு நூல் சரிந்து இரத்தத்தில் விழுந்தது. அது மோல்ட்மானின் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' நூலின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. கறைபடிந்த அப்பிரதி அவ்வளாகத்தில் கண்ணாடிப் பேழையில் பாதுகாக்கப்படுகிறது.

இந்தியாவில் சிலுவையின் இதே கதறலை வேறு திசையிலிருந்து கேட்டவர், சென்னை குருகுல லூத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை வகித்த அரவிந்த் நிர்மல். கடவுளால் கைவிடப்பட்டோம் என்ற உணர்வு தலித் அனுபவத்தின் நடுவிலேயே இருக்கிறது என்றும், சிலுவையில் இயேசு தலித்தாகவே கதறினார் என்றும் அவர் எழுதினார். மோல்ட்மான் சிலுவையிலிருந்து புறப்பட்டுத் துன்புறுவோரிடம் வந்தார். நிர்மல் சேரியின் வலியிலிருந்து புறப்பட்டுச் சிலுவையிடம் சென்றார். அவ்வலி கோட்பாட்டுக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவதற்கு உரியதன்று, கடவுளைப் பற்றிய அறிவே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது அவர் வாதம்.