பருத்திவிதை எண்ணெயும் ஆண்மலடும்

மகப்பேறு வாய்க்காமையைக் குறிக்குந் தமிழ்ச் சொற்களுள் மலடி என்பது பேச்சிலும் எழுத்திலும் பெரிதும் பயின்று வருகின்றது. மலடன் என்னும் ஆண்பாற் சொல்லோ அருகியே வழங்கும். குறை பெண்பாலதே என்று கொண்ட மனப்பாங்கினை இச்சொல்வழக்கே காட்டிக் கொடுக்கின்றது. ஆடவரின் கருவளம் அவர் உண்ணும் உணவினாற் கெடுதலும் உண்டு என்பதை நிறுவிய வரலாறு ஒன்று சீன நாட்டில் நிகழ்ந்தது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1957-ஆம் ஆண்டில் லியூ பாவோஷான் என்பார் சாங்காய் நகரத்து மரபு மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜியாங்சு மாநிலத்து வாங் என்னும் சிற்றூரில், 1930-களில், பத்தாண்டளவும் ஒரு குழந்தையேனும் பிறக்கவில்லை என்பது அதன் செய்தி. அவ்வூரார் முன்னர்ச் சோயா எண்ணெயாற் சமைத்தவர். பின்னர்த் தூய்மை செய்யாத பருத்திவிதை எண்ணெய்க்கு மாறியவர். ஒரு வீட்டிற் பிள்ளையில்லையேல் ஊர் அவ்வீட்டுப் பெண்ணைச் சுட்டும். ஊர் முழுதுமே பிள்ளையின்றிப் போயின் யாரைச் சுட்டுவது? அடுக்களையை நோக்குதலன்றி வேறு வழியில்லை.

பருத்தி அவர்கட்குப் புதிதன்று. அதன் விதையைப் பிழியும் முறையே மாறியிருந்தது. முன்னாளில் விதையை அவித்தோ வறுத்தோ பிழிந்தனர். பின்னர்ப் பச்சை விதையையே பொறியிலிட்டுப் பிழியும் வழக்கம் பரவிற்று. விதையிலுள்ள காசிபால் என்னும் மஞ்சள் நிறப் பொருள் சூடுபட்டால் புரதத்தோடு பிணைந்து பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். பச்சையாகப் பிழியின் எண்ணெயோடு கலந்து வெளிப்படும். இப்பொருளுக்கு 1899-இல் மார்ச்லெவ்ஸ்கி என்னும் போலந்து அறிஞர் பெயரிட்டிருந்தார். ஆயினும், அது மாந்தர் கருவளத்தைத் தாக்கும் என்பதை ஆய்வுக்கூடம் கண்டுரைக்கவில்லை. ஊரார் பட்ட துன்பமே அறிவித்தது.

பருத்தி விளையும் பிற பகுதிகளிலும் இவ்வெண்ணெயை உண்டோர் உடலெரிச்சலும் சோர்வும் உற்றனர். ஆடவர்க்கு விந்தணு குன்றிற்று. மகளிர் பலர்க்கு மாதப்பூப்பு நின்றது. ஆதலின் மகளிர்க்கு ஊறில்லை என்று கூறுதல் பிழையாம். எனினும் ஆடவர்பால் நேர்ந்த கேடு கண்ணுக்குப் புலனாகாதது. காசிபால் விந்தணுக்களின் இயக்கத்தைத் தளர்த்தி, அவற்றின் ஆக்கத்தையும் தடுக்கின்றது. உடலுறவு வேட்கையோ பெரும்பாலார்க்குக் குறைவதில்லை. தம்பாற் குறையுண்டென ஆடவர் ஐயுறாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

கேட்டினையே மருந்தாக்க முயன்றமை இவ்வரலாற்றின் வியத்தகு பகுதி. 1972-இல் ஆடவர்க்கான கருத்தடை மருந்தாகக் காசிபாலை மாந்தரிடத்தே ஆயத் தொடங்கினர். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என இரண்டு மாதத்திற்கு மேலும் கொடுத்துப் பின் அளவைக் குறைத்தனர். 1980-க்குள் 8,000-க்கு மேற்பட்டோர் இதனை உட்கொண்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர்க்கு மருந்து பலித்தது என்றனர். ஆனால், சிலர்க்குக் குருதியிற் பொட்டாசியம் குறைந்து கைகால் தளர்ந்தது. பத்தில் ஒருவர்க்கேனும் மருந்தை நிறுத்திய பின்னும் கருவளம் மீளவில்லை. 1986-இல் சீனத்தார் ஆய்வைக் கைவிட்டனர். 1998-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக் குழுவும் இதனை விட்டொழிக்கவே பரிந்துரைத்தது.

உணவும் தாதுவும் பற்றிய நம் மருத்துவச் சுவடிகளை ஆயும் மாணவர்க்கு இவ்வரலாற்றிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆகும் உணவு, ஆகா உணவு எனப் பெயர்களை மட்டும் தொகுத்தல் போதாது. பக்குவ முறையையும் உடன் குறித்தல் வேண்டும். ஒரே விதை அவித்துப் பிழிந்தபோது பெரிதும் ஊறின்றி இருந்தது. பச்சையாகப் பிழிந்தபோது ஓர் ஊரின் தொட்டில்களையே வெறுமையாக்கிற்று.

மதுரைப் பக்கத்துப் பருத்திப்பாலைப் பற்றி இங்கே வினா எழலாம். அது விதையை ஊறவைத்து அரைத்து, நீரிற் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. காசிபாலோ நீரிற் கரையாத பொருள். சீனத்து மக்கள் உண்டது நாள்தோறும் சமையலிற் கலந்த பச்சை எண்ணெய். இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு பருத்திப்பாலின்மேற் பழி சுமத்த அந்நாட்டுச் சான்றுகள் இடந்தாரா.